சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வரும் வீடு

விடிவதற்கு முன்னால் வரும் அந்த வெள்ளை வேனின் வெளிச்சம் எங்கள் புத்தூர் வீட்டு ஜன்னல் வழியாகப் புகுந்து, சுவரில் ஏறி, நைனாவின் கட்டிலுக்கு மேலே வந்து நிற்கும். என் நைனா, அதாவது உங்கள் தாத்தா, அதற்கு முன்பே விழித்திருப்பார். "பாப்பா, உன் ரதம் வந்துடுச்சி பாரு. டிரைவரு ஹாரன் அடிச்சான்னா பக்கத்து வூட்டுக்காரரு நம்மள அடிப்பாரு, ஓடு," என்பார். உங்கள் அத்தை வாயில் பாதி இட்லியோடு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். பிள்ளைகளே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற அத்தையைத்தான் நீங்கள் அறிவீர்கள். அப்போது எங்கள் வீட்டிலேயே அதிகம் பேசுகிறவள் அவள்தான். பேசுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

திருப்பதியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் வேலை. ஆஸ்திரேலியாவில் ஒரு ஃபோன் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் பில் புரியவில்லை, நெட் வரவில்லை என்று கூப்பிட்டால், அந்த அழைப்பு கடலைத் தாண்டி வந்து இவள் காதில் விழும். நமக்கு முன்பே அங்கே பொழுது விடிந்துவிடுகிறது, அதனால்தான் வேன் இருட்டோடு வரும். மதியம் திரும்பி வந்து, சாப்பிட்டுக்கொண்டே நைனாவுக்கு அன்றைய கதைகளைச் சொல்வாள். பூனை ஒயரைக் கடித்துவிட்டது என்று ஒரு கிழவர் அழுதாராம். "அந்த ஊரு பூனைக்கு வேற இன்னா கெடைக்கும் துன்றதுக்கு," என்று நைனா சிரித்தார். ஒரு நாள் மட்டும் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நீ பார்க்கிற இந்த வேலையைத்தான் என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த வேலையை உங்கள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்" என்று ஒரு பெரியவர் சொன்னாராம். திட்டக்கூட இல்லையாம், சும்மா சொன்னாராம். "சாரின்னு சொன்னேன் ணா. சாரிக்கு எங்களுக்கு எழுதிக் குடுத்த பேப்பர்ல ஒரு வரி இருக்குது. ஆனா அது பில்லு தப்பா வந்தா சொல்ற சாரி," என்றாள்.

ஆனால் அவள் உட்கார்ந்து பேசிய அந்த நாற்காலியில்தான் நைனாவின் உயிரும் உட்கார்ந்திருந்தது. இரண்டு கிட்னியும் பழுதாகி, வாரா வாரம் திருப்பதிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸில் பெற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் அது நடந்தது. நான் பத்தாவதோடு நின்றவன். சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில், பழம் வரும் மாதங்களில் மட்டும் எனக்கு வேலை. என் கூலியில் அரிசி வரும், டயாலிசிஸ் வராது. அவள் வேலை இருக்கிறவரைக்கும் நைனா இருப்பார். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த வேலையில் ஒவ்வொரு அழைப்பையும் முடிக்க ஒரு கட்டாய வரி உண்டு. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா? இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக இருக்கட்டும்." இதை இங்கிலீஷில், குரலில் சிரிப்போடு சொல்ல வேண்டும். சொல்லாமல் இவர்களாக லைனை வைத்துவிடுவதுதான் அங்கே இருப்பதிலேயே பெரிய குற்றம். ஒரு நாள் ஒரு அம்மா கூப்பிட்டார். கணவர் இறந்துவிட்டார், அவர் நம்பரை நிறுத்த வேண்டும் என்றார். இப்படிப்பட்ட அழைப்புகள் முன்பும் வந்திருக்கின்றன, ஆனால் மாதக்கணக்கு கழித்து வந்தவை. இது அப்படியில்லை. அந்த அம்மாவுக்குப் பின்னால் ஆட்கள் மெல்லப் பேசுகிற சத்தம், தட்டு வைக்கிற சத்தம், கதவு திறந்து யாரோ உள்ளே வருகிற சத்தம். அடக்கம் முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார்கள். இறந்தவரின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்ததைப் பொறுக்க முடியாமல் கூப்பிட்டிருக்கிறார். அத்தை நம்பரை நிறுத்திக் கொடுத்தாள். அடுத்து அந்த வரியைச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போனால் "போயிட்டு வரேன்" என்று சொல்ல மாட்டோம், உங்களுக்கே தெரியும். மறுபடி இப்படி வரும்படி ஆகக்கூடாது இல்லையா? கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடுவோம். வீட்டாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த வீட்டில் அத்தை அப்படித்தான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றி வைத்தாள். லைனை நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். கழற்றியதற்கும் அழுத்தியதற்கும் நடுவில் அந்த அம்மா "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டது பதிவாகியிருந்தது.

அவளுடைய டீம் லீடர் சித்தூர்க்காரர், தெலுங்குக் குடும்பம். பதிவைக் கேட்டுவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டார். இவள் காரணத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "அய்யோ தல்லீ, மா இண்ட்லோ கூடா அந்தேனம்மா. எங்க வூட்லயும் சொல்ல மாட்டோம். ஆனா மேல உக்காந்து கேக்குறவங்க நம்ம ஊரு சாவு வூட்டுக்கு வந்தவங்க இல்லியே!" என்றார். ஒரு வழியும் அவரே சொன்னார். மறுநாள் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, லைன் தானாகக் கட் ஆகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு, அந்த வரியை முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும். அது பதிவானால் வேலையைக் காப்பாற்றிக் கொடுப்பதாகச் சொன்னார்.

அன்று நைனா டயாலிசிஸ் முடிந்து வந்து, கையில் கட்டோடு படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சொல்லிடு பாப்பா," என்றார். "அவங்க ஊர்ல சொல்லாம போறதுதான் மரியாத கெட்டதனமோ இன்னாவோ. அந்தம்மா மனசு எப்டி நொந்துச்சோ."

"நீ அந்தம்மாக்காக சொல்றியா நைனா, உனுக்காக சொல்றியா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நைனா சிரித்தார். "ரெண்டுக்குந்தான். எனுக்கு இன்னும் கொஞ்ச நாளு உன் கையால துன்னணும்னு ஆசை."

மறுநாள் டீம் லீடர் பக்கத்தில் நிற்க, கூப்பிட்டாள். "ஏன் அப்படிப் பாதியில் போய்விட்டாய்?" என்று அந்த அம்மா கேட்டாராம். கோபமாக இல்லை, புரியாமல். எங்கள் ஊரில் அதுதான் மரியாதை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்ததாம். சொந்தப் பேச்சு பேசக்கூடாது என்பது விதி. லைன் கோளாறு என்றாள். அந்த வரியையும் சொன்னாள், சிரிப்பை மட்டும் விட்டுவிட்டாள். "இனிய நாளா?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். பிறகு எதுவும் சொல்லாமல் அவரே லைனை வைத்துவிட்டார். அன்று மதியம் அத்தை கதை சொல்ல உட்காரவில்லை.

வேலை தப்பியது. ஆனால் அடுத்த மாம்பழ சீசன் முடிவதற்குள் அந்த மாடியே காலியாகிவிட்டது. இன்னும் குறைந்த செலவில் ஆள் கிடைக்கும் வேறொரு தேசத்துக்கு அழைப்புகளை மாற்றிவிட்டார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கு ஃபோனிலேயே வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லி இவர்களையே உட்காரவைத்தார்கள். "இப்ப நான்தான் அந்தப் பெரியவரோட பொண்ணு ணா," என்று ஒரு நாள் சொன்னாள். வேலையோடு இன்சூரன்ஸும் போயிற்று. மாதச் சம்பளக்காரி இருக்கிற வீடு என்று இலவச வைத்தியத்துக்கான எங்கள் அரசாங்கக் கார்டு முன்பே ரத்தாகியிருந்தது. புதுக் கார்டுக்காக நான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தேன். நடுநடுவே டயாலிசிஸ் தவறியது. நைனாவின் முகம் வீங்கியது, கால் வீங்கியது. கார்டு வருவதற்குள், ஒரு காலையில், போய்விட்டார். இன்று அத்தை சத்தியவேடு பக்கத்து ஃபேக்டரியில், முகத்தை மூடிக்கொண்டு, பெல்ட்டில் வருகிற சாமானுக்குத் திருகு போடுகிறாள். அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

காரியம் முடிந்த பிறகும் நைனாவின் நம்பருக்கு ஏதேதோ விளம்பர அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. நிறுத்திவிடலாம் என்று நான் கஸ்டமர் கேருக்குப் போட்டேன். "குடு ணா, நான் பேசறேன்," என்று வாங்கிக்கொண்டாள். எதிர்முனையில் ஒரு சின்னப் பெண், தெலுங்கில் பேசினாள். விவரம் கேட்டாள், நம்பரை நிறுத்திக் கொடுத்தாள். அப்புறம் முடிக்கிற வரி வரவில்லை. லைன் மட்டும் இருந்தது. அந்தப் பெண்ணும் நம் பக்கத்துப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பர்வாலேதம்மா, செப்பு," என்றாள். பரவாயில்லம்மா, சொல்லு. "நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். அது பதிவாகிக்கினு இருக்கும்."

அந்தப் பெண் தாழ்ந்த குரலில், அவசர அவசரமாகத் தன் வரியைச் சொன்னாள். அவள் கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லி முடிக்கிறவரையில் அத்தை ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.