எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நகரியில் ஒரு ஜவுளிக் கடையில் பதினெட்டு வருஷம் பின்கட்டில் உட்கார்ந்து ரசீது எழுதியதில் தெலுங்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். யுத்தத்தில் துணி வரத்து நின்று கடையை மூடிவிட்டார்கள். திருத்தணிக்குத் திரும்பிவந்து சும்மா இருந்தபோது ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். எங்கள் ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெலுங்கும் நடக்கவேண்டும். அதை நடத்திக்கொண்டிருந்தவர் பட்டாளத்தில் குமாஸ்தா வேலைக்குப் போய்விட்டார்.

“இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் பாருய்யா. அவரு பாத்து சரின்னு எழுதிட்டா நீ இங்கியே இருந்துகலாம்” என்றார் தலைமையாசிரியர்.

அந்த வேலை எனக்கு மிகவும் வேண்டியிருந்தது. பெரியவர்களிடம் பேசுவதுதான் எனக்கு வராது, பிள்ளைகளிடம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

முப்பத்திரண்டு பிள்ளைகள். தெருவில் தெலுங்கிலேயே விளையாடி, தெலுங்கிலேயே திட்டிக்கொள்வார்கள். ஆனால் ஓர் எழுத்து தெரியாது. காகிதத் தட்டுப்பாட்டில் கிடைத்தவை எட்டுப் புத்தகங்கள். இருந்த ஒரே கரும்பலகை கூடத்தின் மறுகோடியில் தலைமையாசிரியரின் ஐந்தாம் வகுப்புக்கு. அதனால் ஒரு புத்தகத்தைத் தரையில் விரித்து, என் பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் இரண்டு என்று நாலு பேரை உட்காரவைத்தேன். ஒவ்வொரு நாளும் புத்தகங்களை நானே விரித்துவைப்பேன். பிறகு சுவரோரம் போய் நின்றுகொள்வேன். பிள்ளைகளுக்கு நடுவே நடமாடுவது எனக்குக் கூச்சமாக இருந்தது.

“சார், கொஞ்சம் கத்திச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல” என்பான் ஒருவன், தினமும்.

“உனுக்கு எப்பவும் கேக்காது. உங்க நைனா கூப்டாகூடத்தான் கேக்காது” என்பாள், மலைக்கோயிலுக்குப் பூக்கட்டும் வீட்டுப் பெண் ஒருத்தி. எல்லோரும் சிரிப்பார்கள். நான் பாதியில் விட்ட வரியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பெண்தான் வகுப்பில் முதல். அவள் வீட்டில் தமிழ்தான். எனக்கு எதிர்முகமாக உட்கார்ந்திருப்பாள். விரலை எழுத்தின்மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பாள். அவள் சிலேட்டை நின்ற இடத்திலிருந்தே பார்ப்பேன். எழுத்தெல்லாம் உருண்டையாக, வரி நேராக இருக்கும். “நல்லா இருக்குதும்மா” என்பேன். அது ஒன்றுதான் நான் தடுமாறாமல் சொன்ன வாக்கியம்.

மூன்றாம் மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். நெல்லூர்ப் பக்கத்துக்காரர். பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, முதலில் அவளைக் கூப்பிட்டார். புத்தகத்தில் ஒரு பாடத்தைத் திறந்து கையில் கொடுத்தார்.

அவள் வாங்கினாள். வாங்கியதும் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். கீழ்க்கோடியில் விரலை வைத்து, வலமிருந்து இடமாக, கீழிருந்து மேலாக, ஒரு பிழை இல்லாமல் படித்தாள்.

இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவளிடம், “புஸ்தகத்த ஏம்மா தலகீழா பிடிக்கற?” என்றார்.

“நேராத்தாங்க சார் வச்சிகினு இருக்கறேன்.”

அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். “ஆங், இப்ப படி.”

அவள் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அடுத்து ஒரு பையன். அவனும் எதிர்ப்பக்கத்துக்காரன். அவனும் திருப்பினான். மூன்றாவதாக என் பக்கம் உட்காருகிறவன் நேராகப் பிடித்துச் சரியாகப் படித்தான். ஆனால் அதற்குள் இன்ஸ்பெக்டர் கேட்பதை நிறுத்திவிட்டார். “அத்தனையும் மனப்பாடம். எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது” என்றார்.

“வாத்தியாரு புது ஆளுங்க” என்று தலைமையாசிரியரும் சேர்ந்து சிரித்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. புத்தகத்தை விரித்துவைக்கும்போது எப்போதும் என் பக்கம் நேராக இருக்கும்படிதான் வைத்திருக்கிறேன். எதிரே இருந்தவர்கள் மூன்று மாதமும் தலைகீழ் எழுத்தையே எழுத்து என்று கற்றிருக்கிறார்கள். ஆனால் கற்றிருக்கிறார்கள். ‘நடத்தாத பாடத்தை அவளிடம் தலைகீழாகவே கொடுத்துப் பாருங்கள்’ என்று நான் சொல்லியிருக்கவேண்டும். ஒரே வாக்கியம். மனசுக்குள் தமிழில் ஒருமுறையும் தெலுங்கில் ஒருமுறையும் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அவர் பள்ளிக்கூடத்துப் பார்வைப் புத்தகத்தில் அந்தப் பெண்ணுக்கு எழுத்தே தெரியாது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டேஷனுக்கு ஜட்கா வண்டி ஏறிவிட்டார்.

“ஏமாத்துக்காரி” என்றான் காது கேட்காத பையன்.

“நான் படிச்சேன்டா” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, “படிச்சேன் இல்லீங்க சார்?” என்றாள்.

அவள் சிலேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். எழுத்து கலையக்கூடாது என்று அதை மார்பில் படாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன். அரக்கோணம் வண்டி இன்னும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிலேட்டை நீட்டினேன்.

“நல்ல கையெழுத்து. யாருது?”

“அந்தப் பொண்ணுதுங்க. அது எழுதறப்போ சிலேட்ட இப்படி வச்சிகினு எழுதிச்சிங்க” என்று திருப்பிக் காட்டினேன். பிறகு எட்டுப் புத்தகம், நாலு பேர், எதிர்ப்பக்கம் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு பெரிய மனிதரிடம் அவ்வளவு நேரம் பேசியது அதுதான்.

அவர் சிலேட்டை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“மூணு மாசமா நீர் எங்கே நின்னுகினு இருந்தீர்?”

“சுவரோரமாங்க.”

“ஒருநாள்கூட அந்தப் பக்கம் போய்ப் பாக்கலையா?”

வண்டி வரும் மணி அடித்தார்கள்.

“எழுதினத அடிச்சி எழுதற வழக்கம் எனக்கு இல்ல. டிரெயினிங் ஆனவர் வர்ற வரைக்கும் இரும்” என்று பெட்டியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பக்கம் மாற்றி உட்காரவைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். நேராகப் படித்தவர்களுக்கு இப்போது ஒன்றும் புரியவில்லை. தலைகீழாகப் படித்தவர்களுக்கும் புரியவில்லை. அந்தப் பெண் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இது வேற எழுத்துங்க சார்.”

“அதே எழுத்துதான்மா. நான்தான் தப்பா வச்சிட்டேன்.”

“அப்ப இன்ஸ்பெக்டரு சார்கிட்ட அத ஏன் சொல்லல?”

“சொன்னேன். டேசனுக்குப் போயி சொன்னேன்.”

“டேசன்ல யாரு இருந்தாங்க? பசங்கல்லாம் இங்க இல்ல இருந்தாங்க?”

பதினோராம் நாள் புதியவர் வந்தார். அதுவரைக்கும் அவள் முதல் பாடத்தில் நாலு வரி நேராகப் படித்திருந்தாள், எழுத்துக்கு எழுத்து நின்று. நான் மறுபடி ரசீது எழுதப் போனேன், இந்தத் தடவை புத்தூரில். வேலை போனதுகூட ஆறிவிட்டது. ஆனால் அந்தப் பார்வைப் புத்தகத்தில் அவள் இன்னும் எழுத்து தெரியாதவள்தான். அதை எழுதும்போது நான் மூன்று அடி தூரத்தில் நின்றிருந்தேன்.