முவைலாவில் ஒரு குனூத்

ஏசிக் குளிரில் அகில்கட்டை ஊதுப் புகை மூக்கில் ஏறினால் போதும், ஷார்ஜா முவைலாவில் இப்போது இல்லாமல் போன தகரப் பள்ளிவாசலும், திரைக்குப் பின்னே பெண்கள் தொழுத பச்சைக் கம்பளமும், அதிகாலையில் கரகரக்கும் ஒலிபெருக்கியும் வந்துவிடும். தொண்ணூறுகளில் உம்மாவும் நானும் வாப்பாவிடம் விசிட்டில் போயிருந்தோம். எங்கள் ஊரில் பெண்கள் பள்ளிக்குப் போவதில்லை என்பதால், உம்மா பள்ளிக்குள் தொழுததே அங்கேதான். முதல் சுபுஹில், அந்த விடியல் தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில் குனிந்து நிமிர்ந்ததும், ஊர் வழக்கப்படி நின்றபடியே குனூத் பிரார்த்தனை ஓதக் கையேந்திவிட்டார். அங்கே அந்த வழக்கமில்லை. வரிசை மொத்தமும் நெற்றியைத் தரையில் வைக்க சஜ்தாவுக்குப் போய்விட, உம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்கி நான் வரலம்மா. எல்லாரும் பாத்திருப்பாஹ" என்றார், செருப்பைத் தேடியபடி.

பக்கத்தில் தொழுத எகிப்துக்காரப் பெண்மணி உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். தன் நெஞ்சைத் தொட்டு, "ஷாஃபிஈ" என்றார். எங்கள் ஊர் பின்பற்றும் மத்ஹபும் அதுதான்; சுபுஹில் குனூத் ஓதுவது அந்த மத்ஹபின் முறை. உம்மாவின் முகம் தெளிந்தது.

மறுநாள் வரிசை சஜ்தாவுக்குக் குனிந்தபோது அவர்கள் இருவரின் நான்கு கைகளும் ஏந்தியிருந்தன. முந்தின நாள் வெட்கப்பட்டு எல்லோரோடும் குனிந்துவிட்ட நான், இந்த முறை நிமிர்ந்து நின்று என் கைகளையும் சேர்த்துக்கொண்டேன்.