தரங்கம்பாடிக்கு வெத்தலை

போன தை மாதம், மலைமேல இருக்கிற எங்க பூண்டியில் நடந்தது இது. என் பேரன் கட்டப்போகிற பொண்ணு வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்த்து, கையோட வெத்தலை மாத்திப் பேசி முடிக்க வேன் பிடிச்சு வந்திருந்தாங்க. கடலோரத்து சனம். எங்க குளிருக்குப் பொம்பளைங்க எல்லாம் ரெண்டு சேலையைப் போர்த்திக்கிட்டு நடுங்கினாங்க.

எங்க வழக்கம், வீட்டில் மூத்தவள் சபைக்கு வந்திருக்கிற ஒவ்வொரு ஊர்ப்பேரையும் கூப்பிட்டு வெத்தலை கொடுக்கணும். எங்க வீட்டில் மூத்தவள் நான். கூப்பிடாத ஊரை மதிக்கலைன்னு அர்த்தம். முதல்நாளே பேரனிடம் அவங்க ஊர்ப்பேரை ரெண்டு தடவை கேட்டேன். வாயில் நிக்கலை. மூணாந்தடவை கேட்க எனக்கு ரோசம்.

"பூண்டிக்கு வெத்தலை, மன்னவனூருக்கு வெத்தலை"ன்னு கூப்பிட்டேன். அவங்க முறை வந்ததும், "கடக்கரை ஊருக்கு வெத்தலை"ன்னுட்டேன்.

பொண்ணோட அப்பா கை நீட்டலை. "எங்களுக்கு ஊர்ப்பேரு இல்லையாம்மா? கடல்ல போறவங்கன்னா அவ்வளவு எளக்காரமா?"ன்னார். அவங்க ஆளுங்க எந்திரிச்சிட்டாங்க. கூடவே வந்திருந்த பொண்ணு அழுகுது. பேரன் என் முகத்தையே பாக்குறான்.

எனக்குத் தெரியலைன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை நான். அன்னிக்குச் சொன்னேன். "சம்மந்தி, எளக்காரமில்லை. நான் படிக்காதவ. பேரு வாயில வரலை, கேக்க ரோசப்பட்டுட்டேன். தப்பு என்னுது."

பொண்ணோட அத்தை, மீன் விக்கிற பொம்பளை, குபீர்னு சிரிச்சிட்டாங்க. "இதுக்கா பெரியம்மா? கப்பல்ல வந்த வெள்ளைக்காரனுக்கே வாயில நுழையாமதானே எங்க ஊரை வேற மாதிரி கூப்பிட்டான்!"

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாங்க. "எங்க ஊரு தரங்கம்பாடி. தரங்கம்னா அலை. பாடின்னா சனங்க குடியிருக்கிற எடம். அலையோரமா நாங்க குடியிருக்கோம், அவ்வளவுதான். பூண்டைப் பல்லுப் பல்லாப் பிரிப்பீங்கல்ல, அதுமாதிரி பிரிச்சுச் சொல்லுங்க."

"ஏலே, எங்கக்கா பள்ளிக்கூடத்துல சேந்துட்டா!"ன்னான் என் தம்பி. அவனை ஒரு முறை முறைச்சுட்டு, "தரங்கம்... பாடி. தரங்கம்பாடிக்கு வெத்தலை!"ன்னு கூப்பிட்டேன். சம்மந்தி ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டார்.

அந்தப் பொண்ணு இப்ப எங்க வீட்டு மருமக. அன்னிக்கிலிருந்து யாரு புதுசா வந்தாலும் எந்த ஊருன்னு கேட்டு, அந்தப் பேரு என் வாயில் நிக்கிற வரைக்கும் கூச்சப்படாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.