கம்ஷாத்தின் நாக்கு

பேருந்தைக் கிளப்புவதற்கு முன் கம்ஷாத் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நாக்கையும் நீட்டுவாள். காற்றை ஒரு நக்கு. "இனிக்குது! ஜன்னலையெல்லாம் சாத்துங்க!" என்று பின்னால் பார்த்து ஓர் அதட்டல். பயணிகள் மறுபேச்சில்லாமல் சாத்திவிடுவார்கள். இந்தக் கஸாக் ஏரிக்கரை ஊரில் தாமிர ஆலையின் புகை வீட்டுப் பக்கம் சாய்ந்தால், முதலில் நாக்கில் ஒரு கள்ளத் தித்திப்புத்தான் வரும். தொண்டை கமறுவது அப்புறம்.

ஐம்பதைத் தாண்டியவள். நல்ல ஆகிருதி, மருதாணிச் சிவப்பில் முடி, சிரித்தால் ஒரு தங்கப்பல். நாக்கும் சில சமயம் காலை வாரும். ஒருநாள் கோடை வெயிலில் ஜன்னலைச் சாத்த வைத்து எல்லோரையும் வேகவிட்டாள். கடைசியில் பார்த்தால், காலையில் தின்ற சர்க்கரைப் பாதாமி ஜாம் உதட்டோரம் ஒட்டியிருந்தது. அதற்காக வெட்கப்படுகிற ஆளா அவள்? "ஜாம்னு தெரிஞ்சிருந்தா உங்களுக்கும் கொடுத்திருப்பேனே!" என்றாள்.

ஆலையை யாராவது திட்டினால் மட்டும் பொல்லாத கோபம் வரும். "செத்துப்போன என் புருஷனுக்கு ரொட்டி போட்டது அதுதான். எனக்கு இருமலைக் கொடுத்ததும் அதுதான். நான் திட்டுவேன். நீ யாரு திட்ட?"

குழந்தை இல்லாதவள். எதிர்வீட்டுச் சந்துகாஷின் பிள்ளை ஜாந்தோஸ் என்றால் உயிர். அவனுக்கு நெஞ்சு பலவீனம், புகை வந்தால் இழுப்பு. நடக்கத் தொடங்கும் பிள்ளையின் கால்களைக் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டி, வெட்டிவிடும் சடங்கை எல்லா வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில்தானே செய்ய வேண்டும்? இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் புகை வந்து கெடுத்தது. அதற்குள் பயல் நடக்கவே கற்றுக்கொண்டுவிட்டான்! கயிறு வெட்டாமல் நடந்தால் வாழ்நாளெல்லாம் தடுக்கி விழுவானாம். அதனால் அவன் தரையில் கால் பாவாதபடி முற்றமே இடுப்பு மாற்றி இடுப்பு சுமந்தது. பெரும்பாலும் கம்ஷாத்தின் இடுப்பு.

யார் வெட்டுகிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். கம்ஷாத்துக்கு அந்தக் கத்தரி மேல் கொள்ளை ஆசை. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஐயோ அக்கா, நீங்க வெட்டினா என் பிள்ளையும் காத்தை நக்கிக்கிட்டே திரிவானே!" என்று சிரித்தாள் சந்துகாஷ்.

கம்ஷாத்தும் சிரித்தாள். ஆனால் அன்று ஒரு நிறுத்தத்தில் நிற்க மறந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போன ஞாயிறு விடிந்ததும் மாடி ஜன்னலிலிருந்து அவள் குரல்தான் ஊரை எழுப்பியது. "ஏரிக்காத்துடீ! சப்புனு இருக்கு, சுத்தம்! சட்டியை அடுப்புல ஏத்துங்க!"

அடுத்த கணமே முற்றத்தில் மேசைகள் வந்தன, எண்ணெயில் பவுர்சாக் மாவுருண்டைகள் பொரிந்தன, மிட்டாய் மழை பொழிந்தது. ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருகிறவளுக்குத்தான் கத்தரி என்றாள் சந்துகாஷ். கம்ஷாத்தும் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். இளசுகளெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, மூச்சு வாங்க, கடைசியாக வந்து நின்றாள்.

ஜெயித்தவள் சந்துகாஷின் நாத்தனார். கத்தரியோடு குனிந்தாள். ஜாந்தோஸ் கயிறு கட்டிய கால்களை உதைத்துக்கொண்டு வீறிட்டான். இரண்டு கைகளையும் கம்ஷாத்தை நோக்கி நீட்டினான்.

"இத்தனை நாள் யாரு சுமந்தாங்கன்னு இவனுக்குத் தெரியுது, எனக்குத்தான் தெரியல" என்றாள் சந்துகாஷ். கத்தரியை வாங்கி நீட்டினாள். "வெட்டுங்க அக்கா. நக்கினா நக்கிட்டுப் போறான்!"

கம்ஷாத் கத்தரியோடு குனிந்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூட நேரமில்லை. கயிறு அறுந்தது.

முற்றமே ஆரவாரித்தது. ஜாந்தோஸ் தத்தித் தத்தி நாலடி வைத்தான், நின்றான். முகத்தை வானத்துக்குத் தூக்கினான். குட்டி நாக்கை வெளியே நீட்டி, காற்றை ஒரு நக்கு நக்கினான்.

சிரிப்பு வெடித்து அடங்கியது. சந்துகாஷ் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையையும் தூரத்து ஆலைப் புகைபோக்கியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லத் தன் நாக்கையும் வெளியே நீட்டினாள்.