என்னைப் பெண் பார்க்க வந்த அண்ணன்

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்து வீட்டுக்கு ராசா என்ற ஊரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். சரியான கூச்சக்காரர். நான் நீட்டிய கோப்பியை வாங்கும்போது தன் வெள்ளைச் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார். எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

கெடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. முறுக்குத் தட்டை வைத்துவிட்டுப் போகாமல், தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்த என் அப்பாவையும் மாப்பிள்ளையின் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன மண்டோரே, சம்பந்தின்னு சொன்னாங்க. கூடப் பொறந்தவரு மாதிரியில்ல இருக்காரு."

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தோம், சிரிப்பு நின்றுவிட்டது. இருவருக்கும் ஒரே மாதிரி விரிந்த காது. இருவருமே புறங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தது எங்களுக்குத் தெரியும். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அவர்களுடைய அம்மா காய்ச்சலில் போனபோது, கைக்குழந்தையை யாரோ பிள்ளையில்லாதவர்கள் வாங்கிப் போனார்கள். அப்புறம் தகவல் இல்லை. மாப்பிள்ளையின் அப்பாவோ வளர்ப்புப் பிள்ளை. கடலோரத் தோட்டம் ஒன்றிலிருந்து தூக்கி வந்ததாக மட்டும் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அம்மாதான் முதலில் தெளிந்தாள்.

"அழுவுறது இருக்கட்டும். இவரு உங்க தம்பின்னா, இந்த மாப்பிள்ளத் தம்பி இவளுக்கு அண்ணன் முறையாச்சே. கல்யாணம் எப்படிப் பண்றது?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"டிஎன்ஏ டெஸ்ட்டுன்னு புதுசா வந்திருக்கு. இங்கிலீஷ் பேப்பர்ல படிச்சேன். ரத்தத்த வச்சே உறவு சொல்லிருவாங்களாம்."

அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் இரண்டு குடும்பமும் வேன் பிடித்து டவுன் கிளினிக்குக்குப் போனோம். கூட்டத்தைப் பார்த்த டாக்டர், விருந்துச் சாப்பாடு ஏதும் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், அந்த டெஸ்டுக்கு இரத்தம் இங்கிலாந்துக்குப் போகவேண்டும், இங்கே இரத்த குரூப் மட்டும் பார்க்கலாம் என்றார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்புன்னா?" என்றார் அப்பா.

"அண்ணன் தம்பியா இருக்கலாம்."

"வேற வேறயா வந்தா?"

"அப்பவும் இருக்கலாம்."

அப்பா வந்திருந்த அத்தனை பேரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இதச் சொல்லவா டாக்டர் இவ்ளோ படிச்சீங்க?"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேண்டுமானால் இங்கிலாந்துக்கு அனுப்ப வழி விசாரிப்பதாகவும், எந்தப் பதில் வந்தாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கவேண்டும் என்றும் சொன்னார். அப்பா மடித்து வைத்திருந்த சட்டைக் கையை உடனே இறக்கிவிட்டுக்கொண்டார்.

"வேணாம் டாக்டர். இல்லன்னு வந்துட்டா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையின் அப்பாவும் தன் சட்டைக் கையை இறக்கினார். அந்த ஒரு வாரத்திலேயே அண்ணே, தம்பி என்று கூப்பிடத் தொடங்கி, பாசிர் பெனம்பாங் மீனவக் கிராமத்தில் நண்டு சாப்பிட்டுவிட்டும் வந்திருந்தார்கள்.

"கட்டிக்கப் போறவங்க அவங்க. அவங்களே சொல்லட்டும்" என்று அம்மா எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினாள்.

கிளினிக் வாசலில் நின்றோம். "டெஸ்ட் எடுத்துப் பாப்பமா? உறவு இல்லன்னு வந்துட்டா..." என்று இழுத்தார் அவர்.

அவரை நிமிர்ந்து பார்த்தேன். போன வாரம் மீசைதான் தெரிந்தது. இப்போது காது மட்டுமே தெரிந்தது.

"கோவிச்சுக்காதீங்க. உங்களப் பாத்தா எங்கப்பா ஞாபகமாவே இருக்கு."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். "நானே சொல்லணும்னு இருந்தேன் லா. நீ மூக்கத் தேய்க்கிறப்போ எங்கப்பாவே எதிர்ல நிக்கிற மாதிரி இருக்கு."

நான் மூக்கைத் தேய்ப்பேன் என்பதே எனக்குத் தெரியாது. அப்போதும் என் கை அங்கேதான் இருந்தது.

உள்ளே போய் டெஸ்ட் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம் என்றோம். கல்யாணமே முடிந்துவிட்டதுபோல இரண்டு அப்பாக்களும் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குத்தான் சில நாள் மனசு ஒரு மாதிரியாக இருந்தது. யாரிடம் சொல்வது? அண்ணனிடமா?

பிறகு சுங்கை பெசார் ஊர் மாப்பிள்ளை ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மணவறையில் எனக்குப் பொரி எடுத்துக்கொடுக்க அண்ணனாக வந்து நின்றவர் அந்த ரவாங் டெக்னீஷியனேதான்.

"இவரு எந்த வழியில அண்ணன்?" என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

அப்பா காதில் விழுந்துவிட்டது. ஜப்பான்காரன் காலத்திலிருந்து ஆரம்பித்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதை கேட்கத் தொடங்கியதும், அம்மா அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"மிச்சத்தச் சாப்பாட்டுல சொல்லிக்கலாம். மொதல்ல இத முடிக்க விடுங்க."