பலகை பூட்ட வந்தவர்

கொழும்புக் கம்பனியொன்றின் பெயரில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்டப் பொரித்த கோழிக் கடை நடத்த உரிமை வாங்கினேன். பெயரும் மசாலாவும் அவர்களுடையவை. அதற்காக விற்ற காணி என் மனைவியுடையது. என் சொந்த முதலீடு நடுக்கம் ஒன்றுதான்.

திறப்பு விழாவுக்கு முதல்நாள், கம்பனியின் சிவப்புப் பெயர்ப்பலகையைச் சுவரில் பூட்டக் கிண்ணியாவிலிருந்து ஒருவர் வந்தார். நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி, உதட்டிடுக்கில் எப்போதும் நான்கு திருகாணிகள். ஏணியில் ஏறியவர், சுவரிலிருந்த பழைய ஓட்டைகளைத் தடவிச் சிரித்தார்.

"என்ன நானா, ஏன் சிரிக்கிறீங்கள்?" அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

திருகாணிகளைக் கையில் துப்பினார். "இதெல்லாம் நான் போட்ட ஓட்டை தம்பி. முதல்ல ஐஸ்கிறீம் கடை, பிறகு பீட்சா. ரெண்டும் கொழும்புக் கம்பனிப் பேர்தான். கழட்டினதும் நான்தான்."

என் நெஞ்சு ஏணியிலிருந்து விழுந்தது. இத்தனைக்கும் ஏணியில் நின்றவர் அவர்.

"அப்ப லேசாக் கழட்டுற மாதிரிப் பூட்டுங்கோவன்," என்றேன் பகிடியாக. குரல் மட்டும் அழுதது.

"அப்பிடிப் பூட்ட ஏலாது!" என்றவர், ஒரு சாண் தள்ளிப் புதிதாக நான்கு ஓட்டைகள் துளைத்தார். பலகைக்கு மின்சாரம் கொடுத்ததும் வீதியே சிவந்தது. நான் தனியாக நின்று கைதட்டினேன்.

இரண்டு வருடமாகிறது, கடையில் நிற்க இடமில்லை. அவர் என்னை நம்பித்தான் புது ஓட்டை போட்டாரா, பழையவை தளர்ந்திருந்தனவா? கேட்க இன்னும் துணிவில்லை.