கத்தத் தெரியாத வெள்ளை பெல்ட்

இருபத்தாறு வயதில் கராத்தே கற்கப் போகிறவருக்கு முதல் அடியைக் கொடுப்பவர், அநேகமாகப் பால்பல் விழுந்து இன்னும் புதுப்பல் முளைக்காதவராகத்தான் இருப்பார். என்னைப் போல் காலம் கடந்து வெள்ளை உடுப்பு மாட்டியவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் நம்ப வேண்டாம், சேர்ந்து பாருங்கள்.

நான் ஏன் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தமானில், போர்ட் பிளேரில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் எனக்கு வேலை. ஒருநாள் மாலை கூட்டமான பஸ்ஸில் ஒருவன் என்மேல் சாய்ந்து சாய்ந்து நின்றான். நகர இடமில்லை. "தள்ளி நில்லுங்க" என்ற இரண்டு வார்த்தை தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு ஸ்டாப் முன்னதாகவே இறங்கி நடந்தேன். அப்பாவுக்கு ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் இரவு டியூட்டி, பகலெல்லாம் தூங்குவார். எங்கள் குவார்ட்டர்ஸில் மிக்ஸிகூட மதியம் மூன்று மணிக்கு மேல்தான் ஓடும். அப்படி வளர்ந்த குரல் பஸ்ஸில் மட்டும் எப்படி வரும்? அந்த வாரமே கராத்தே வகுப்புக்குப் போனேன்.

வெளியே அக்கா

வகுப்பு ஒரு சமூகக் கூடத்தில். சொல்லிக்கொடுப்பவரைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிடலாமா என்றிருந்தது. நஸீமா! கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். பகலில் அவள் அத்தாவின் பாத்திரக்கடையில் குக்கர் விற்பாள், நானே ஒன்று வாங்கியிருக்கிறேன். இப்போது இடுப்பில் கறுப்பு பெல்ட்டுடன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். "ஏ நஸீமா, நீயா?" என்றேன். கூடத்திலிருந்த அத்தனை பிள்ளைகளும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். ஆசிரியரை அங்கே 'சென்சே' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். நஸீமா சிரிக்கவே இல்லை.

"வெளியே நீங்க எனக்கு அக்கா. செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வந்தா நான் சென்சே. பேர் சொன்னதுக்குப் பத்து புஷ்-அப் எடுங்க, அக்கா."

ஸாரி

கராத்தேயில் வரிசை வயதுப்படி நிற்பதில்லை, பெல்ட் நிறப்படி. ஆகவே ஐந்தடி நான்கங்குலம் உயரத்தோடு நான் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால், என் இடுப்புயரத்தில், ரூம்கி. வங்காளிப் பெண், எட்டு வயது, ஆரஞ்சு பெல்ட். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் நான் அவளுக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். சொன்னேன். நிமிர்வதற்குள் விலாவில் ஓர் உதை விழுந்தது. சத்தியமாகக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

என் முறை வந்தது. குழந்தையை எப்படிக் குத்துவது? பாதி தூரம் கையை நீட்டி "ஸாரி" என்றேன். மறுபடி நீட்டினேன், மறுபடி "ஸாரி". ஏழெட்டு முறைக்குப் பிறகு ரூம்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, வகுப்பில் பொறுக்கிய, இந்தி கலந்த அரைகுறைத் தமிழில் புகார் கொடுத்தாள்.

"சென்சே, ஆண்ட்டி அடிக்கிறதே நஹீ, ஸிர்ஃப் ஸாரி ஸாரி போல்தா!"

ஓமத்தண்ணி

குத்தும்போது வயிற்றிலிருந்து ஒரு கத்தல் வர வேண்டும். அதற்குக் கியாய் என்று பெயர். ஏழு வயதுப் பிள்ளைகள் கத்தினால் தகரக் கூரையில் இருக்கும் புறா பறக்கும். நான் கத்தினால் பக்கத்தில் இருப்பவர் எனக்கு விக்கல் என்று நினைப்பார். விஷயம் விளையாட்டல்ல. தேர்வாளர் மெயின்லேண்டிலிருந்து வருடத்துக்கு ஒரே தடவைதான் வருவார். கத்தாதவருக்கு மஞ்சள் பெல்ட் கிடையாது. பெல்ட்டைவிட எனக்கு அந்தக் கத்தல்தான் வேண்டியிருந்தது, அதற்காகத்தானே சேர்ந்தேன்.

வீட்டில் பழகலாமென்று, அப்பா தூங்கும் நேரத்தில் கதவைச் சாத்தி, தலையணையில் முகத்தைப் புதைத்து வயிற்றை எக்கி எக்கி முயன்றேன். நிமிர்ந்தால் கதவு திறந்திருந்தது. எவ்வளவு நேரம் அம்மா அங்கே நின்றிருந்தாளோ தெரியவில்லை. அவள் முகம் வெளிறியிருந்தது.

"என்னடி இப்படி முக்குற? ஓமத்தண்ணி வெக்கட்டா?"

பாராடாங் முதலை

சித்தி மகள் கல்யாணத்துக்கு வடக்கே திக்லிபூர் போனோம். வழியில் பாராடாங்கில் பஸ்ஸோடு படகில் ஏறி உப்பங்கழியைக் கடக்க வேண்டும். எல்லோரும் இறங்கிக் கம்பியோரம் நின்றோம். இன்ஜின் போட்ட சத்தத்தில் அம்மா பக்கத்திலிருந்து பேசுவதே கேட்கவில்லை. இங்கே யாருக்குக் கேட்கப்போகிறது என்று ஓர் ஓரமாகப் போய், நீர்ப்பக்கம் திரும்பி, கண்ணை மூடி முழு மூச்சில் கத்தினேன். கரை நெருங்கும்போது இன்ஜினை அடக்குவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கண்ணைத் திறந்தால் மொத்தப் படகும் என் பக்கம் ஓடிவருகிறது. அந்த நீரில் முதலை உண்டு. ஒரு பெண் அப்படிக் கத்தினால் வேறு எதற்காக இருக்கும்? "கிதர்? மகர் கிதர்?" என்று முதலையைத் தேடி ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். போனில் படமெடுத்தார்கள். கயிறு வீச நின்றவர் கயிற்றை மறந்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. கை தன்னால் தண்ணீரைக் காட்டிவிட்டது. அருகிலிருந்த தெலுங்கு அம்மாள் என் தோளைத் தடவிக்கொடுத்தார்.

"பயப்படாதேம்மா. நானும் பார்த்தேன், வால் மட்டும் தெரிஞ்சுது."

தேர்வு

அந்த வெட்கத்தில், வந்த குரல் இன்னும் ஆழத்துக்குப் போய் ஒளிந்துகொண்டது. தேர்வு நாளன்று எனக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவரும் கூரையைப் பிளந்தார்கள். என் முறை. குத்து சரியாகத்தான் போனது. வாயைத் திறந்ததும் படகில் ஓடிவந்த முகங்கள் ஞாபகம் வந்தன. வெறும் காற்றுதான் வெளியேறியது. தேர்வாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். அவர் நஸீமாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இவங்க கத்தி முடிச்சாச்சா, இல்ல இனிமேதானா?"

அதே பஸ்

தோற்ற உடுப்பைப் பையில் திணித்துக்கொண்டு, அழுகையை அடக்கியபடி அன்று மாலையே பஸ் ஏறினேன். கூட்டம். அபர்டீன் பஜார் தாண்டியதும் முதுகில் ஒரு கனம். பழைய ஆளா, வேறா, தெரியாது. அதே சாய்தல். தள்ளிக்கொண்டேன், சாய்ந்தான். மறுபடி தள்ளினேன், மறுபடி சாய்ந்தான். அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. யாரோ அலறினார்கள். டிரைவர் பிரேக் போட்டார். பஸ் முழுக்க உறைந்துபோன பிறகுதான் அலறியது நான் என்று புரிந்தது. உடம்பு தானாகத் திரும்பியிருந்தது. இடக்கை இடுப்பில், வலக்கை முஷ்டி அவன் மார்புக்கு ஒரு விரற்கடை முன்னால், தேர்வில்கூட அத்தனை நேராக நீளாத கை. அவன் முகத்தில் நிறமே இல்லை. கதவைத் திறக்கச் சொல்லி நடுரோட்டிலேயே குதித்து ஓடினான்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் பழக்கதோஷத்தில் பஸ்ஸைப் பார்த்து "ஸாரி" என்றேன். மதுரைக்காரக் கண்டக்டர் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றபடியே, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"அக்கா, அவன் போயிட்டான். கையை மடக்குனீங்கன்னா மத்தவங்க இறங்கிக்குவாங்க."

இன்றும் நான் வெள்ளை பெல்ட்தான், வரிசையில் ரூம்கிக்கும் பின்னால்தான், ஆனால் அந்த ரூட் பஸ்ஸில் எவ்வளவு கூட்டமானாலும் என்னைச் சுற்றி ஓர் அடி இடம் விட்டு நிற்கிறார்கள், கறுப்பு பெல்ட் நஸீமாவுக்கே கிடைக்காத சலுகை.